எரியாத கட்சி

பெற்றவர்கள் வைத்த பெயர் அழகர். மதுரைப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த மாடசாமிக்கு, ஊரில் பார்த்ததில் மனத்தில் நின்றது சித்திரையில் ஆற்றில் இறங்கும் அந்தச் சாமி ஒன்றுதான். அதுவும் தூரத்தில் நின்று பார்த்தது. இலங்கையின் மடுல்சீமையில் காட்டுமலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி கணபதி, பிறந்த பிள்ளைக்குப் பெயர் பதியும்போது கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்:

"அழகன்னு எழுது. 'ர்' போடுற அளவுக்குக் கீழ் லயத்துல யாரும் பொறக்கலை."

தமிழில் ஒரு மெய்யெழுத்து இவ்வளவு காவல் காக்கும். தேயிலை நடுவதற்காக எல்லோரும் ஒரே கப்பலில், ஒரே தளத்தில், ஒருவர் வாந்தியை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் வந்தார்கள். மலை ஏறியதும் மேல் லயம் என்றும் கீழ் லயம் என்றும் பிரிந்துகொண்டார்கள். லயம் என்று வெள்ளைக்காரத் துரை வரிசை வீடாகக் கட்டிக்கொடுத்தது வெறும் தகரக் கூரை. அதற்கு மேல், கீழ் வைத்தது நம்மவர்களின் சொந்தச் சரக்கு.

மாடசாமி கீழ் லயம். பறையர். பகலில் எல்லோரையும்போல மலையில் வேலை செய்வார். விடியுமுன் தப்பு அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் லயங்கள் எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓடும். அங்கேதான் ஆளை எண்ணி, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவார்கள். சாவு விழுந்தாலும் அவர்தான் அடிக்க வேண்டும். பெண் பெரியவளானாலும் அவர்தான். மாசியில் காமன் பண்டிகை வந்தால் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சிவனின் கண் பட்டு எரிந்துபோன காமன் திரும்ப உயிர் பெற்று எழ வேண்டுமென்றால் மாடசாமியின் தப்பு முழங்க வேண்டும். ஆனால் காமன் பந்தலைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு உண்டு. அவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் சாமியை எழுப்ப வேண்டும்.

அழகர் படித்தது ஒரு உபதேசியாரால். பதுளை மிஷனிலிருந்து லயத்துக்கு வந்த அந்த மனிதர், மண்ணில் குச்சியால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றார். சேர்க்க ஒரு நிபந்தனை: ஞானஸ்நானம். மாடசாமி தயங்கினார். தாய் இராக்கம்மாதான் முடிவு சொன்னாள்.

"தண்ணிதானே ஊத்துறாங்க. காஞ்சிரும். படிப்பு காயாது."

அப்படி அழகன், ஆல்பர்ட் ஆனார். பதுளையில் மிஷன் விடுதியில் இருந்து படித்தார். கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். மிஷன் அவரைத் தன் செலவிலேயே சென்னைக்கு, பி.ஏ. வகுப்புக்கு அனுப்பியது. மடுல்சீமை மலையிலிருந்து பல்கலைக்கழகப் படிப்புக்குப் போன கீழ் லயத்துப் பிள்ளை அதற்கு முன் யாரும் இல்லை. போகும் முன் தோட்டத்துக்கு வந்தவரிடம் மாடசாமி கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க என்னாத்தய்யா படிப்பாங்க?"

"மதம், அரசியல், சமூகம். மனுசங்க எப்படிக் கூடி வாழ்றாங்கன்னு."

"அத இங்க இருந்தே பாக்கலாமே" என்றார் மாடசாமி. அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்யத் தெரிந்தவரும் அல்லர்.

சென்னையில் மூன்று பாடமும் மூன்று மண்டபத்தில் நடந்தன. மதங்களின் வரலாற்றை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் நடத்தினார். பயம் எப்படிச் சாமியாகிறது, சாமி எப்படிச் சட்டமாகிறது என்று அவர் எல்லா மதத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுவார். தன்னுடையதை மட்டும் பிரிக்கமாட்டார். அரசியல் தத்துவம் நடத்தியவர் பூணூல் போட்ட பேராசிரியர். ஆளப்படுகிறவர்களின் சம்மதம்தான் அரசின் அடிப்படை என்று மேசையைத் தட்டுவார். மணி அடித்ததும், பையன்கள் மூச்சு படாத பக்கமாக ஒதுங்கி நடப்பார். சமூகம் பற்றிய பாடத்துக்கு ஒரு தடித்த புத்தகம். அதில் தன் சாதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அழகர் ஆவலோடு புரட்டினார். கால் பக்கம் இருந்தது. 'பறை அடிப்பதில் விருப்பமுள்ளவர்கள்' என்று முடிந்திருந்தது.

விருப்பம். விடியற்காலைப் பனியில் விரல் விறைக்க நின்ற அப்பாவின் உருவம் கண்ணில் வந்தது. அழகர் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். விடுதியில் அவருக்குச் சோறு கடைசிப் பந்தியில், தனி மூலையில்.

அரசியல் வகுப்பில் ஒருநாள் எழுந்து கேட்டார்: "பெரட்டுக்கு வந்து நிற்கிற கூலி, ஆளப்படச் சம்மதம் கொடுத்தவனா, ஐயா?" பேராசிரியர் சிரித்து, பாடத்துக்கு வெளியே போகவேண்டாம் என்றார். அதற்கு யாரும் அழகரைத் தண்டிக்கவில்லை. தண்டனை கோவிலில் வந்தது. மாதா கோவிலில் அவர் சாதிக் கிறிஸ்தவர்களுக்கென்று பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அழகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றைத் தாண்டி முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஜெபம் நின்றுபோயிற்று. விசாரணையில், "எல்லா மதமும் பயத்தில் பிறந்தது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? இந்தக் கயிறு எந்தப் பயத்தில் பிறந்தது?" என்று பாதிரியாரையே கேட்டார். கிறிஸ்துவுக்குள் தாழ்மை கற்றுக்கொள்ளும்வரை உதவி நிறுத்தப்படுகிறது என்று மிஷன் முடிவு செய்தது. கடைசிப் பரீட்சை எழுதாமலே மூட்டையைக் கட்டினார்.

கடலோர ஊரான மண்டபத்தின் முகாமில், இலங்கைக்குப் போகிற கூலிகளைத் தனியே நிறுத்தி, மருந்துத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். கோட்டுப் போட்டவர்களுக்கு வேறு வழி. அழகரும் கோட்டுப் போட்டிருந்தார். குமாஸ்தா கோட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தான்.

"எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லை. பி.ஏ. வகுப்பு."

"பீயேயா? அப்படி ஒரு தோட்டம் கேள்விப்பட்டதில்லையே. எந்த மலையில இருக்கு? கங்காணி யாரு?"

பக்கத்தில் இருந்த கூலிகள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்த்து அவரையும் குளிப்பாட்டி அனுப்பினார்கள்.

ரயில் அப்போது பதுளைவரை வந்திருக்கவில்லை. தெமோதரையில் இறங்கி, மாட்டுவண்டியில் பதுளை வந்து சேர்ந்தார். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த, 'நானா' என்று அண்ணன் முறையில் அழகர் கூப்பிடுகிற மொஹிதீன், விடுதிப் பையனாக இருந்த காலத்திலிருந்தே அவரை அறிந்தவர். சோறு போட்டார். கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் தாடியைத் தடவினார்.

"கடையில இரிங்க மகன். இங்கிலீசுக் கடிதாசி எழுத ஆளில்லாமத்தான் நானும் தவிக்கிறேன். தோட்டத்துக்குப் போய் என்ன செய்யப் போறீங்க?"

"பள்ளிக்கூடம் நடத்தப் போறேன் நானா. தோட்டத்துப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வச்சே ஆகணும்னு சட்டம் வந்திருக்கு. காட்டுமலையில இன்னும் வாத்தியார் இல்லையாம்."

"சட்டம் அரசாங்கக் கச்சேரியில இரிக்கும். தோட்டத்துல கங்காணியல்லா இரிக்கிறார்?"

"ஒரே பெஞ்சில எல்லாப் புள்ளைங்களையும் உக்கார வைக்கணும் நானா. அது ஒண்ணு நடந்தாப் போதும். மிச்சத்தை அதுங்களே பாத்துக்கும்."

மொஹிதீன், "வேல எப்பவும் இங்க இரிக்கி" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரே பெஞ்சுதான் அழகரின் ஆசை முழுவதும். சென்னையில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, கயிற்றுக்குப் பின்னால் நின்று அவர் வளர்த்துக்கொண்ட ஆசை. துரையைப் பார்க்கப் போனார். துரை தோட்டத்துத் தமிழிலேயே பேசினான்.

"இன்ஸ்பெக்டர் வரும். பிள்ளை நிறைய இருக்கணும். யார் சொல்லிக் குடுக்கறது, நமக்கு அக்கறை இல்லே. கங்காணி சரி சொன்னா நமக்கும் சரி."

பெரிய கங்காணி கணபதியின் வீட்டு முற்றத்தில் அழகர் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்ல அங்கே வழக்கமில்லை. பக்கத்தில் கங்காணியின் மருமகன் வீரய்யா வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்தவன், நல்ல குரல், காமன் பண்டிகையில் லாவணி பாடுவதில் அவனை அடிக்க மலையில் ஆளில்லை. வாத்தியார் வேலை தனக்கு வரும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அழகா, என்னமோ பீயேயாமே. என்னாது அது?" என்றார் கங்காணி.

"பட்டம் மாமா" என்றான் வீரய்யா. "பேர்லயே என்ன அள்ளுற படிப்புன்னு தெரியுதே. அதுக்குமா பட்டணம் போவணும்?"

முற்றத்தில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அழகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"மேல் லயத்துப் புள்ளைங்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு கேட்டு வந்தேங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிக்கணும்."

கங்காணி மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஆளை மறுத்துக் கெட்ட பெயர் எடுக்கிற ரகம் அல்லர். விட்டுப் பிடிக்கிற ரகம்.

"அனுப்ப மாட்டேன்னு நான் எங்கடா சொன்னேன்? ஒன் படிப்பு பெருசுன்னு சனம் ஒத்துக்கணும்ல? காமன் பண்டிகை வருது. எரிந்த கட்சி நம்ம வீரய்யா பாடுவான். நீ எரியாத கட்சி பாடு. செயிச்சீன்னா மேல் லயத்துப் புள்ளைங்க அத்தனையும் ஒன் பெஞ்சுல உக்காரும். நான் சொல்றேன்."

காமன் பண்டிகையில் வாதம் ஒன்று உண்டு. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. இரண்டு பேர் பாட்டாலேயே கேள்வி போட்டு, பாட்டாலேயே விடை சொல்வார்கள். ஆயிரம் தடவை கேட்ட கேள்வி, ஆயிரம் தடவை கேட்ட விடை. ஆனாலும் லயமே திரண்டு நின்று கேட்கும்.

"பாடுறேங்க. தப்பு கையில எடுக்க மாட்டேன்" என்றார் அழகர்.

"தப்பு இல்லாம லாவணியா?" என்றான் வீரய்யா.

தள்ளி நின்றுகொண்டிருந்த மாடசாமி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் அடிக்கிறேங்க அவனுக்கு" என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை இராக்கம்மா பிறகு பலதரம் சொல்லி அழுதிருக்கிறாள். மகன் பட்டணத்துப் படிப்பையெல்லாம் முடித்துவிட்டுத் தன் தப்புக்குப் பாட வந்திருக்கிறான் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார்.

ஊரில் காமன் எரிந்து மூன்றாம் நாள்தான் உயிர் பெறுவான். காட்டுமலையில் அவனுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கூலிகள் ராத்திரி கண் விழித்தால் மறுநாள் பெரட்டு பாழாகிறது என்று, பண்டிகை முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பகலில் முடித்துக்கொள்ளும்படி துரை உத்தரவு போட்டிருந்தான். காலையில் எரிந்து, பொழுது சாய்வதற்குள் காமன் எழுந்துவிட வேண்டும். உலகத்தையே மயக்குகிற சாமிக்கும் பெரட்டு நேரம் இருந்தது. அதைப் பற்றி மேல் லயமும் கீழ் லயமும் ஒரு முணுமுணுப்பும் செய்யவில்லை. துரை சொன்னால் சாமியின் சாஸ்திரம் மாறும். மனிதர்கள் சொன்னால் மட்டும் சுண்ணாம்புக் கோடு மாறாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடுபனி மதியம்வரை விலகவில்லை. வைக்கோல் காமனை எரித்தார்கள். காமனாக, மதன் வேஷம் கட்டியவன் சின்னக் கங்காணியின் மகன். அவனைப் பந்தல் நடுவில் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடினார்கள். ரதி வேஷக்காரன் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து ஓய்ந்தான். பிறகு வாதம். வீரய்யா பந்தலுக்குள் நின்றான். அழகர் கோட்டுக்கு வெளியே, அப்பாவின் பக்கத்தில்.

வீரய்யா தொடங்கினான்:

"எரியலைன்னு பாட வந்த பட்டணத்தானே – இங்க
குமிஞ்ச சாம்பல் யாரு சாம்பல் சொல்லு நீதானே."

அழகருக்குக் குரல் பெரிதாக இல்லை. ஆனால் மாடசாமியின் கை அந்தக் குரலைத் தாங்கிப் பிடித்தது.

"வைக்கோல் எரிஞ்ச சாம்பலைத்தான் பாக்குறீங்க – அந்த
வைக்கோலுக்குப் பேரு வச்சுக் கேக்குறீங்க."

மேல் லயத்துப் பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீரய்யா இன்னும் நாலு கேள்வி போட்டான். நாலும் திரும்பி வந்தன. கங்காணி உட்கார்ந்த இடத்தில் அசைந்து உட்கார்ந்தார். ஆட்டம் கைவிட்டுப் போவதை அவரும் கண்டுகொண்டார். கடைசியாக வீரய்யா கேட்டான்: எரியாத காமன் எங்கே இருக்கிறான், காட்டு.

இதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். லயத்தில் ஆடுகிற ஒவ்வொரு தொட்டிலிலும் இருக்கிறான் என்று பாட வேண்டும், பாடினால் வெற்றி. மாடசாமி மகனுக்கு எடுத்துக்கொடுப்பதுபோல அடியைத் தாலாட்டு நடைக்கு மாற்றினார். கூட்டம் முகம் மலர்ந்து, விடைக்காகக் காத்தது. மேல் லயத்துப் பிள்ளைகள் அப்போது ஏறக்குறைய அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அழகர் பாடவில்லை. அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கிற வேகத்தில் மாடசாமியின் பெருவிரல் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி வரும். உடனே, பாம்பைக் கண்டதுபோல, தானாகப் பின்னால் போகும். பார்க்காமலே போகும். எத்தனையோ வருஷமாக அந்தக் கால் பழகியிருந்தது. சென்னையில் மூன்று மண்டபத்தில் மூன்று பேர் நடத்திய பாடம், இங்கே ஒரு பெருவிரலில் மொத்தமாக இருந்தது.

"காமன் எரியவும் இல்ல, இருக்கவும் இல்ல" என்றார். பாட்டாக அல்ல, பேச்சாக. தப்பு தடுமாறியது. "அந்தத் துணிக்குக் கீழ படுத்திருக்கிறது சின்னக் கங்காணி மகன். எங்க அப்பா அடிச்சாத்தான் சாமி எந்திரிக்கும்னு நீங்கதான் சொல்றீங்க. அந்தக் கை கோட்டுக்கு உள்ள வந்தா தீட்டுன்னும் நீங்கதான் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு இன்னிக்கிப் பாத்துருவோம்."

பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"நிறுத்துங்கப்பா. உள்ள வந்து அடின்னு சொன்னா அடிங்க. சொல்லலைன்னா சாமி படுத்தே கெடக்கட்டும்."

மாடசாமி நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. அடி என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்திருக்கிறார்கள். அடிக்காதே என்று அவரிடம் சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை. அதனால் கை தானாக நின்றதோ என்னவோ.

"அடிடா மாடசாமி" என்றார் கங்காணி.

மாடசாமி மகன் முகத்தைப் பார்த்தார், கங்காணி முகத்தைப் பார்த்தார், தப்பைப் பார்த்தார். அடிக்கவில்லை.

"அடி மாமா, கும்புடுறோம்" என்று கீழ் லயத்திலிருந்தே குரல் வந்தது. மேல் லயத்தில் யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. சாமி செத்தே கிடந்தாலும் பரவாயில்லை, கோடு கிடக்கவேண்டும் என்று ஒவ்வொரு வாயும் மூடிக் கிடந்தது. பனி திரும்ப இறங்கியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போது வெள்ளைத் துணி அசைந்தது. மதன் வேஷக்காரன் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்து, "எவ்வளவு நேரம்யா படுத்துக் கெடக்கிறது, குளுருது" என்றான்.

தப்பு முழங்காமல் காமன் எழுந்துவிட்டான். அழகர் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்காது. கூட்டத்துக்கும் விடை கிடைத்தது: அடிக்காமல் எழுந்தது காமன் அல்ல, பேய். பெண்கள் அலறிக்கொண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பையன், "நான்தாங்க, நான்தாங்க" என்று பின்னாலேயே ஓட ஓட, இன்னும் வேகமாக ஓடினார்கள். அவன் பெற்ற தாயே கதவைச் சாத்திக்கொண்டாள். பேய் ஓட்டுகிறேன் என்று அவனை வேப்பங்குழையால் அடித்த தழும்பு நெடுநாள் இருந்தது.

பந்தலில் கங்காணி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "எரிந்த கட்சிதான் செயிச்சிருக்கு" என்றார் நிதானமாக. "காமன் எந்திரிக்கவே இல்லையே. பள்ளிக்கூடத்த வீரய்யா பாத்துக்குவான்."

மறுநாள் விடியலில் தப்புச் சத்தம் கேட்கவில்லை. லயம் தூங்கிவிட்டது, துரை குதிரைமேல் வந்து நின்றபோது பெரட்டுக் களம் காலியாகக் கிடந்தது.

மாடசாமி வீம்புக்கு அடிக்காமல் இருக்கவில்லை. பாதியில் நின்ற தப்பு செத்த தப்பு என்பது அவருடைய நம்பிக்கை. சாமியை எழுப்பாமல் விட்ட தோலைத் திரும்பத் தொட்டால் குலம் அழியும். தொட வேண்டுமென்றால் பெரிய கங்காணி தேங்காய் உடைத்துத் தீட்டுக் கழித்துக் கொடுக்கவேண்டும். கங்காணி கழிக்க மறுத்தார். கீழ் லயத்தில் வேறு எவரும் அந்தத் தப்பைத் தொட முன்வரவில்லை, அவர்களும் நம்பினார்கள். மேல் லயத்தார் தொட்டால் சாதி போய்விடும். அவர்கள் அதை நம்பினார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவே தப்பு சுவரில் தொங்கியது.

துரைக்கு இந்தத் தத்துவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மாடசாமியின் காம்பராவுக்கு வந்து, அந்த ஒற்றை அறை வாசலில் நின்று சொன்னான்:

"இந்தக் காம்பரா தப்புக்காரன் காம்பரா. தப்பு இல்லே, காம்பரா இல்லே. நாளைக்குச் சத்தம் கேக்கணும்."

பதுளைக்குப் போய்விடலாம், மொஹிதீன் கடையில் வேலை இருக்கிறது என்று அழகர் பெற்றவர்களைக் கூப்பிட்டார். தோட்டத்தை விட்டு விலக ஒரு சீட்டு வேண்டும். அதைக் கொடுக்கிறவரும் கங்காணிதான். சீட்டு இல்லாமல் போனால் பாதி வழியில் பிடித்து, ஓடிப்போன கூலி என்று வழக்குப் போடுவார்கள். அழகர் மட்டும் போகலாம். அவர் யாருடைய கூலியும் அல்லர்.

மாடசாமி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை. இராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒனக்குத்தான் எதுலயும் நம்பிக்கை இல்லையே அய்யா. தீட்டு ஒனக்கு ஒட்டாது. நீயே அடி."

ஒரு பேராசிரியரும் அழகரை இப்படி மடக்கியதில்லை. பயம்தான் சாமி என்று கற்று, அந்தப் பயத்தைக் கழற்றி எறிய அவருக்கு இத்தனை வருஷம் பிடித்தது. கழற்றி எறிந்த பிறகு, இந்த மலை முழுவதிலும் அந்தத் தப்பைத் தொடக்கூடிய ஒரே கை அவருடையதாக இருந்தது. மூடநம்பிக்கை மற்ற எல்லோரையும் காப்பாற்றியது. பகுத்தறிவு அவரை மட்டும் துரைக்குப் பிடித்துக் கொடுத்தது.

விடியுமுன் எழுந்து, வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றினார். லயங்களின் நடுவே போய் நின்றார். சின்ன வயதில் அப்பாவோடு சாவு வீடுகளுக்குப் போய்ப் பழகிய அடி ஒன்றுதான் கைக்கு வந்தது. அதை அடித்தார்.

கதவுகள் திறந்தன. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வெளியே வந்தார்கள்.

"யாருக்கா செத்தது?"

"தெரியலையே. மேல் லயத்துலயா?"

"யாரும் சாகலை" என்றார் அழகர். "பெரட்டு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்கள். வீரய்யா வாத்தியார் பல் விளக்கிக்கொண்டே வந்து, "என்னடா, சாவு அடி அடிக்கிற?" என்று கேட்டான்.

"எனக்கு இதுதாங்க தெரியும்."

வேறு அடியைக் கற்றுக்கொள்ள அவருக்கு எத்தனையோ காலை இருந்தது. கற்றுக்கொள்ளவில்லை. துரையின் காதுக்கு எல்லா அடியும் ஒன்றுதான். ஆள் வந்து நின்றால் போதும். கொஞ்ச நாளில் யார் செத்தது என்று கேட்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். "பீயே அடிச்சிருச்சு, எந்திரிங்க" என்று தாய்மார் பிள்ளைகளை எழுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளில் மேல் லயத்தார் பள்ளிக்கூடத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீழ் லயத்தார் வெளியே, தாழ்வாரத்து நீர் சொட்டுகிற இடத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணிப் பார்த்துத் திருப்தியாகப் போனார். அடுத்த மாசியில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்பு வரவழைத்துக் காமனை எழுப்பினார்கள். கோடு புதிதாகப் போட்டார்கள், கொஞ்சம் அகலமாக.

மாடசாமி பிறகு வெகுகாலம் இருக்கவில்லை. மூலையில் உட்கார்ந்தபடியே மகன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு காலையில் அழகர் தப்பை மாட்டிவிட்டு உள்ளே வந்தபோது, அவர் நீண்ட நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"தப்பா அடிக்கிறியேய்யா. அது சாவுக்கு உள்ளது."

"தெரியும்ப்பா."

மாடசாமி வாசல் வழியே பார்த்தார். வெளியே, பனிக்குள், லயம் முழுவதும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"அப்பச் சரி" என்றார்.